கோட்டார்ட் குதிரைத் தபால் வண்டி: ஓவியத்தையும் சாலையையும் ஒரே பயணத்தில் பார்க்க ஒரு வழிகாட்டி

சூரிச் நகரின் குன்ஸ்ட்ஹவுஸ் கலைக்கூடத்தில் ‘கோட்டார்ட் தபால் வண்டி’ என்றோர் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. 1873இல் ரூடால்ஃப் கொல்லர் வரைந்தது. ஐந்து குதிரை பூட்டிய தபால் வண்டி மலைச்சாலையில் தலைதெறிக்க இறங்கி வருகிறது. அதற்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் கோட்டார்ட் கணவாயைக் கடக்கும் அந்தச் சாலை இன்றும் இருக்கிறது. கோடையில் அதே கணவாயில் ஐந்து குதிரை பூட்டிய வண்டியில் நீங்களும் ஏறிப் போகலாம்.

இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கத் திட்டமிட்டபோது எனக்குத் தேவைப்பட்ட தகவல் எதுவும் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. விசா விவரம் ஒரு பக்கம், கணவாய் திறக்கும் காலம் ஒரு பக்கம், ரயில் குழப்பம் இன்னொரு பக்கம். நீங்களும் அந்த அலைச்சல் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து முதல்முறை கிளம்புகிறவரை மனதில் வைத்து எழுதியது. சூரிச்சிலோ பெர்னிலோ இருக்கும் ஈழத்துச் சொந்தங்கள் நான்காம் படியைத் தாண்டிப் போய்விடலாம்.

1. முதலில் மாதம், அப்புறம்தான் மற்றதெல்லாம்

கலைக்கூடம் வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். கணவாய் அப்படி இல்லை. கோட்டார்ட் கணவாயின் உயரம் 2,106 மீட்டர். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். பெரும்பாலும் மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் திறந்து, அக்டோபர் வாக்கில் மூடுவார்கள். பனி அதிகம் விழுந்த வருஷம் திறப்பு தள்ளிப்போகும். குதிரை வண்டி ஓடும் காலம் அதைவிடக் குறைவு, கோடை மாதங்கள் மட்டும்.

அதனால் ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைக்குள் ஒரு வாரத்தைப் பிடியுங்கள். நம் ஊரில் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே என்பதால் எல்லோரும் அப்போதுதான் ஸ்விட்சர்லாந்து கிளம்புகிறார்கள். இந்தப் பயணத்துக்கு மே மாதம் உதவாது. கணவாய்க்கு வடக்கே கீழே இருக்கும் ஆண்டர்மாட் ஊர் வரை போய், மேலே சாலை அடைத்திருப்பதைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் வாரம். கூட்டம் குறைந்திருக்கும், விடுதி வாடகையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

2. கிளம்புவதற்கு முன் படத்தை வீட்டிலேயே பாருங்கள்

கொல்லர் 1905இல் இறந்தார். அதனால் படத்துக்குப் பதிப்புரிமைத் தடை கிடையாது. நல்ல தரத்தில் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். கைப்பேசியில் வேண்டாம், பெரிய திரையில் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள்.

குதிரைகளை எண்ணுங்கள். முன்வரிசையில் மூன்று, பின்வரிசையில் இரண்டு. மலைத் தபால் வண்டிக்கு அப்படித்தான் பூட்டினார்கள். பின்னிரண்டும் ஏர்க்காலோடு சேர்ந்து வண்டியின் திசையைத் தாங்கும். முன் மூன்றும் வார்களில் பூட்டி இழுப்பவை. இறக்கத்தில் வேகம் பிடித்தால் வண்டி பின்குதிரைகளைத் தள்ளும், அவை முன்குதிரைகளை நெருக்கும். கன்று ஏன் அப்படி ஓடுகிறது என்பது இது தெரிந்தால்தான் புரியும். வண்டிக்காரர் நினைத்தாலும் அந்தத் தூரத்துக்குள் நிறுத்த முடியாது. பின்னால் புழுதிக்குள் மாட்டுக்கூட்டம் நிற்கிறது. வண்டி இப்போதுதான் அதைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. கன்று எதிர்ப்பக்கமாகத் தெறித்துத் தாயை விட்டுப் பிரிந்துவிட்டது.

வரலாறு இங்கே ஒரே ஒரு வரி போதும். இந்தப் படத்தை வரையச் சொல்லிப் பணம் கொடுத்தது ஒரு ரயில் நிறுவனம், அதன் தலைமையிலிருந்து விலகிய ஆல்ஃபிரட் எஷருக்குப் பிரிவுப் பரிசாக. அதே எஷர்தான் அப்போது கோட்டார்ட் ரயில் சுரங்கத் திட்டத்தையும் நடத்திக்கொண்டிருந்தார். குதிரை வண்டிக்கு முடிவு கட்டப்போகிற மனிதருக்குக் குதிரை வண்டிப் படம்! இதைத் தெரிந்துகொண்டு படத்தின் முன் நின்றால் அந்தக் கன்று வேறு மாதிரி தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கொல்லர் அடுத்த வருஷமே இதே படத்தை இன்னொரு முறை வரைந்தார். இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. 1873 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். குன்ஸ்ட்ஹவுஸில் இருப்பது அதுதான்.

3. வண்டி இருக்கையை விசாவுக்கு முன்னாலேயே விசாரியுங்கள்

ஆண்டர்மாட்டிலிருந்து கணவாய் ஏறி, தெற்குப் பக்கம் இருக்கும் ஐரோலோ ஊர் வரை, ஒருநாள் பயணம். காலையில் கிளம்பினால் மாலையில் இறங்கலாம். ஒரு வண்டியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கை. அதனால் விலை கடுமை. ஒருவருக்குப் பல நூறு பிராங்க் ஆகும். ஒரு பிராங்க் நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல் என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் போடுங்கள். நாலு பேர் குடும்பமாகப் போனால் விமானச் செலவைத் தொட்டுவிடும்.

எனவே முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். வண்டியில் ஏறத்தான் வேண்டுமா? படத்தையும் சாலையையும் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் அவசியமில்லை. தபால் துறையின் மஞ்சள் பேருந்து கோடையில் அதே கணவாயைக் கடக்கிறது. நடந்தும் இறங்கலாம். குதிரை மேல் பிரியம் இருந்தால், அல்லது வாழ்நாளில் ஒருமுறை என்று தோன்றினால், ஏறுங்கள்.

ஏறுவதாக இருந்தால் நடத்துபவர்களுக்கு மின்னஞ்சல் எழுதி இவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் போதும்:

- விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா, எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும்?
- பனி, மழையால் வண்டி ஓடாவிட்டால் மாற்றுநாள் உண்டா?
- வண்டிப் பெட்டிக்குள் இருக்கையா, மேலே திறந்த இருக்கையா?
- கட்டணத்தில் சாப்பாடு அடக்கமா? சைவம் கிடைக்குமா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பெட்டிக்குள் உட்கார்ந்தால் ஜன்னல் அளவுக்குத்தான் மலை தெரியும், குதிரை தெரியவே தெரியாது. ஓவியத்தை மனதில் வைத்துப் போகிறவருக்கு வண்டிக்காரர் பக்கம் பார்வை போகிற இருக்கைதான் வேண்டும். மழை பெய்தால் நனைய வேண்டியதுதான்.

பதில்களை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

4. ஷெங்கன் விசா

மொத்த வேலையில் பாதி இதுதான். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன் பகுதி. ஸ்விட்சர்லாந்து அதற்குள் வருகிறது. குறுகிய கால விசா போதும்.

*எங்கே விண்ணப்பிப்பது:* அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்விட்சர்லாந்தில் நாலு நாள், இத்தாலியில் ஆறு நாள் என்றால் அது இத்தாலி விசா. நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாடு. சென்னையிலேயே விண்ணப்ப மையம் இருக்கிறது.

*எப்போது:* பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்திருக்க வேண்டும். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை இழுக்கலாம். கஷ்டம் எங்கே என்றால் அப்பாயின்ட்மென்ட். ஏப்ரல், மே மாதங்களில் கிடைப்பதே பெரும்பாடு. ஆகஸ்ட் பயணத்துக்கு மார்ச்சிலேயே தேதி பிடித்துவிடுங்கள்.

*கட்டணம்:* பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது முதல் 12 வயது ஆகும் வரை 45 யூரோ. அதற்குக் கீழே இலவசம். ரூபாயில் வாங்குவார்கள். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது.

*காகிதங்கள்:*

- பாஸ்போர்ட்: கடந்த 10 வருஷத்துக்குள் வழங்கியதாக இருக்கவேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகள் இருந்தால் அவற்றையும் கொண்டுபோங்கள்.
- புகைப்படம்: 35க்கு 45 மில்லிமீட்டர், வெளிர் நிறப் பின்னணி. தெருமுனை ஸ்டூடியோவில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று மட்டும் சொன்னால் வேறு அளவில் எடுத்துத் தருவார்கள். ஷெங்கன் அளவு என்று சொல்லுங்கள்.
- பயண மருத்துவக் காப்பீடு: குறைந்தது 30,000 யூரோ. ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும்.
- வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, வேலை பார்ப்பவர்களுக்கு விடுப்புக் கடிதமும் சம்பளச் சீட்டும். தொழில் செய்பவர்களுக்குப் பதிவுச் சான்று.
- விமான முன்பதிவு, விடுதி முன்பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம்.

கையிருப்பு எவ்வளவு காட்டவேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்விட்சர்லாந்து ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 பிராங்க் என்று கணக்கிடுகிறது. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரிடமோ வாங்கிய பெரிய தொகையைக் கணக்கில் போட்டு ‘இருப்பு’ காட்டும் வேலை வேண்டாம். அது பளிச்சென்று தெரியும், கேள்வி வரும்.

நாள்வாரித் திட்டத்தில் பலர் சறுக்குவார்கள். பயண முகவர்கள் எல்லோருக்கும் ஒரே அச்சில் சூரிச், லூசெர்ன், இன்டர்லாகன் என்று அடித்துக் கொடுப்பார்கள். உங்கள் விடுதி முன்பதிவோ ஆண்டர்மாட்டில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத விண்ணப்பம் சந்தேகத்தைக் கிளப்பும். திட்டத்தை நீங்களே எழுதுங்கள். எந்த நாள் குன்ஸ்ட்ஹவுஸ், எந்த நாள் ஆண்டர்மாட், எந்த நாள் கணவாய், எதற்காக என்று ஒரே பக்கத்தில் தெளிவாக இருந்தால் போதும். வண்டி முன்பதிவுக் கடிதம் இருந்தால் அதையும் இணையுங்கள். பயண நோக்கத்துக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஸ்விட்சர்லாந்தில் இருக்கும் உறவினர் வீட்டில் தங்கப்போகிறீர்களா? அவருடைய அழைப்புக் கடிதமும் வதிவிட அனுமதியின் நகலும் வேண்டும். உங்கள் பணவசதி போதாது என்று தூதரகம் நினைத்தால் உறவினரிடம் பொறுப்பேற்பு உறுதிமொழி கேட்கலாம். அது 30,000 பிராங்க் வரை அவரைக் கட்டுப்படுத்தும். அங்கே உள்ளூர் அதிகாரிகள் வழியாகப் போய்வர நேரம் பிடிக்கும். ‘ஒரு கையெழுத்துதானே’ என்று கேட்காமல், விஷயத்தை முழுதாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

5. ரயில் டிக்கெட்

டெல்லி, மும்பையிலிருந்து சூரிச்சுக்கு நேரடி விமானம் உண்டு. சென்னையிலிருந்து போனால் நடுவில் ஓரிடத்தில் மாறவேண்டும். சூரிச் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம், பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் நகர மத்திக்கு வந்துவிடலாம்.

வெளிநாட்டவருக்கான ஸ்விஸ் டிராவல் பாஸ் ரயில், பேருந்து, படகு எல்லாவற்றுக்கும் செல்லும். 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களில் நுழைவும் அடக்கம். 2025இல் இரண்டாம் வகுப்பில் மூன்று நாளுக்கு 244 பிராங்க். ஆனால் அது தொடர்ச்சியான நாட்களுக்கு. நடுவில் ஒரு நாள் ஆண்டர்மாட்டிலேயே இருந்தாலும் அந்த நாளும் கணக்கில் கழியும்.

நீங்கள் சூரிச்சையும் கோட்டார்டையும் மட்டும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் பாஸ் லாபமா என்று கூட்டிப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு நாளுக்கான சலுகை விலை நாள் டிக்கெட் முன்கூட்டியே வாங்கினால் 52 பிராங்கிலிருந்து கிடைத்துவந்தது. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். போகிற நாளுக்கு ஒன்று, திரும்புகிற நாளுக்கு ஒன்று என்று வாங்கினால் பல சமயம் பாஸை விட மலிவாக முடியும்.

குதிரை வண்டிக் கட்டணம் எந்தப் பாஸிலும் அடங்காது.

6. குன்ஸ்ட்ஹவுஸ்: திங்கள் வேண்டாம்

திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு இரவு வந்து இறங்கி, திங்கள் பார்த்துவிட்டு செவ்வாய் மலை ஏறலாம் என்று போடும் திட்டம் இதனாலேயே உடையும்.

டிராம் 3, 5, 8, 9 எதில் ஏறினாலும் கலைக்கூடத்தின் பெயர் கொண்ட நிறுத்தத்திலேயே இறங்கலாம். அங்கே சதுக்கத்தின் இரு பக்கமும் இரண்டு கட்டிடம். ஒன்று பழையது, எதிரே உள்ளது டேவிட் சிப்பர்ஃபீல்ட் வடிவமைத்து 2021இல் திறந்த புதியது. தரைக்கு அடியில் நடைபாதை இரண்டையும் இணைக்கிறது. கொல்லர் எங்கே என்று தகவல் மேசையில் கேட்டுவிட்டே நடங்கள். இல்லாவிட்டால் அரைநாள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு வகை டிக்கெட் விற்பார்கள். நிரந்தரத் தொகுப்புக்கு ஒன்று, சிறப்புக் கண்காட்சியோடு சேர்த்து ஒன்று. உங்களுக்கு வேண்டிய படம் நிரந்தரத் தொகுப்பில் இருக்கிறது. கவுன்டரில் கேட்டதும் கூடுதல் டிக்கெட்டுக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. புகழ்பெற்ற படங்கள் இரவல் போகும், பழுதுபார்க்கவும் இறக்குவார்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன் மின்னஞ்சல் அனுப்பி, குறிப்பிட்ட தேதியில் படம் சுவரில் இருக்குமா என்று கேளுங்கள். விசா வரை எல்லாம் சரியாக அமைந்து, போய் நின்றால் வெறும் சுவர் என்ற நிலை வரக்கூடாது.

படத்தின் அளவு 117க்கு 100 சென்டிமீட்டர். அச்சுப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சுவரளவு பிரம்மாண்டம் என்ற எண்ணம் இருக்கும். அப்படி இல்லை. முதலில் எட்ட நில்லுங்கள், வண்டி உங்களை நோக்கி வருவது தெரியும். அப்புறம் கிட்டே போய் புழுதியைப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது வேகம் என்று தெரிந்ததில் பாதி அந்தப் புழுதிதான். அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள், பெஞ்சு இருந்தால் உட்காருங்கள். யாரும் எழுப்ப மாட்டார்கள்.

நேரமிருந்தால் சூரிச் ரயில் நிலையத்துக்கு அடுத்தே இருக்கும் ஸ்விஸ் தேசிய அருங்காட்சியகத்தில் எட்டிப் பாருங்கள். அதுவும் திங்கள் விடுமுறை.

7. வேகமான ரயிலில் ஏறாதீர்கள்

மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 2016இல் திறந்த கோட்டார்ட் அடிவாரச் சுரங்கம் 57 கிலோமீட்டர் நீளம். சூரிச்சிலிருந்து லுகானோ, மிலான் போகும் வேக ரயில்கள் அதற்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். மலையும் தெரியாது, கணவாயும் தெரியாது, ஆண்டர்மாட்டுக்கு ரயில் மாறவேண்டிய கோஷெனனிலும், ஐரோலோவிலும் நிற்கவும் நிற்காது. ‘கோட்டார்ட் போகணும்’ என்று சொன்னதற்கு ஒரு முகவர் எனக்கு லுகானோ டிக்கெட்டை எடுத்து நீட்டினார். கேட்டால் ‘கோட்டார்ட் வழியாத்தானே சார் போகுது’ என்றார்.

நீங்கள் ஏறவேண்டியது பழைய மலைப் பாதையில் ஓடும் ‘ட்ரெனோ கோட்டார்டோ’. நேரடி வண்டி இல்லாத நேரத்தில் ஆர்த்-கோல்டாவில் மாறவேண்டியிருக்கும். டிக்கெட் தேடும்போது ‘ஆண்டர்மாட்’ என்றே அடியுங்கள், கோஷெனன் வழி காட்டும். அங்கே இறங்கினால் பற்சக்கர ரயில் காத்திருக்கும், செங்குத்தான பள்ளத்தாக்கில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் ஆண்டர்மாட்டில் விட்டுவிடும். சூரிச்சிலிருந்து மொத்தம் இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூடுதல்.

வழியில் வாசன் என்ற ஊரின் வெள்ளைத் தேவாலயத்தைக் கவனியுங்கள். ரயில் மலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறுவதால் அதே தேவாலயம் மூன்று உயரங்களில் மூன்று முறை கண்ணில் படும்.

ஆண்டர்மாட் 1,444 மீட்டரில் இருக்கிறது. முந்தின இரவே அங்கே தங்குங்கள். காலையில் கிளம்பும் வண்டிக்குச் சூரிச்சிலிருந்து வந்து சேர நினைப்பது வீண் பதற்றம்.

8. கணவாய் நாள்

ஜூலையிலும் மேலே குளிரும். காற்றுத் தாங்கும் மேல்சட்டை, காதை மூடும் தொப்பி, மழைக்கோட்டு, வெயில் களிம்பு நான்கும் வேண்டும். பெரிய பெட்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு ஒரு தோள்பை மட்டும் எடுங்கள்.

ஆண்டர்மாட்டிலிருந்து ஹோஸ்பென்டால் வழியாக ஏற்றம். இதில் குதிரைகள் பெரும்பாலும் நடைதான். படத்தில் பார்த்த வேகத்தை எதிர்பார்த்துவிட்டு ‘என்ன இது, ஊர்ந்து போகிறதே’ என்று சலித்துக்கொள்ள வேண்டாம். உச்சியில் ஏரிகளும், பழைய விடுதிக் கட்டிடங்களும், கணவாயின் கதையைச் சொல்லும் ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

உச்சியைத் தாண்டியதும் தெற்குச் சரிவில் ட்ரெமோலா சாலை தொடங்கும். கொல்லரின் வண்டி இறங்குவது இந்தப் பக்கம்தான். 24 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஒரு திருப்பத்தில் நின்று பார்த்தால் கீழே சாலை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்தாற்போலக் கிடக்கும். படத்தில் இருக்கும் அந்த ‘சரியான இடம்’ எது என்று தேடி அலையாதீர்கள். கொல்லர் இங்கே வந்து குறிப்புப் படங்கள் வரைந்துகொண்டு போய், தன் பட்டறையில் வைத்து முழுப் படத்தை அமைத்தார். இன்னொன்று, படத்தில் பறக்கும் புழுதியும் இங்கே இருக்காது. இன்று சாலையில் கருங்கல் பாவியிருக்கிறது. அது படத்துக்கு வெகுகாலம் அப்புறம் வந்தது.

வண்டி வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் பேருந்தில் உச்சி வரை வந்து இறங்கி, ஐரோலோவுக்கு நடக்கலாம். உயரம் 930 மீட்டர் இறங்கவேண்டும். முழங்கால் நன்றாக இருந்தால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாலையிலேயே நடக்காமல் மஞ்சள் பலகை காட்டும் நடைபாதையில் போங்கள். கோடை வார இறுதியில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி வரும், சத்தம் காதைப் பிளக்கும். செவ்வாய், புதன் நல்லது. எல்லாப் பேருந்தும் பழைய ட்ரெமோலா வழியாகப் போவதில்லை, சில புதிய சாலையில் போய்விடும். ஏறும்முன் ஓட்டுநரிடம் கேளுங்கள். கடைசிப் பேருந்து சாயங்காலமே போய்விடும் என்பதால் நேரத்தை முன்னாடியே குறித்து வையுங்கள்.

ஐரோலோவில் ஊரும் ரயில் நிலையமும் பக்கம் பக்கம். ஆண்டர்மாட்டில் பெட்டியை விட்டு வந்தவர்கள் வடக்கு நோக்கிப் போகும் ரயிலில் ஏறி, 1882இல் திறந்த பழைய சுரங்கத்துக்குள் புகுந்து, பத்து நிமிஷம் போல ஆனதும் கோஷெனனில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள். தெற்கே பெலின்சோனா, லொகார்னோ போகிறவர்கள் பெட்டியைக் காலையிலேயே அனுப்ப வழி உண்டா என்று ஆண்டர்மாட் விடுதியில் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அதற்காக மறுபடி வடக்கே வரவேண்டியிருக்கும்.